மாம்பலத்தில் ஒரு கும்பகோணம் கடை

2009 ஐப்பசியில் எடுத்த முதல் பெரிய ஆர்டரே என்னைத் தெருவில் தலைகாட்ட விடாமல் செய்தது. கார்த்திகை தீபத்துக்கு முப்பது நாள் இருந்தது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக நாற்பது குத்துவிளக்குக்கு முன்பணம் வாங்கிவிட்டேன். கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலில் விளக்கு வார்க்கிற பத்தருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "பாக்கலாம்மா, வானம் விடணும்" என்றார். சம்மதம் சொல்லிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வானம் விடவில்லை. தீபத்தன்று மத்தியானம் என் கையில் இருந்தது பதினோரு விளக்கு. மீதி இருபத்தொன்பது வீட்டுக்கும் நானே நடந்து போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாமி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வியாபாரத்துக்கே அத்தைதான் காரணம். 2008 கடைசியில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு. அப்பா கும்பகோணத்துக்காரர் என்றாலும் நான் பிறந்தது, படித்தது எல்லாம் சென்னை. கோடை லீவுக்கு ஊருக்குப் போனால் காவிரியிலும் அரசலாற்றிலும் மணல்தான் கிடக்கும். அதில் ஓடி விளையாடிவிட்டு வருவோம். தண்ணீர் ஜூனில் வரும், பள்ளிக்கூடமும் ஜூனில் திறக்கும். அதனால் பன்னிரண்டு வயது வரை ஆறு என்றால் மணல் என்றுதான் எனக்கு நினைப்பு. "என்ன வியாபாரம் பண்றதுன்னு உக்காந்து யோசிக்காத. உங்க ஊர்க் கல்யாணத்துல தட்டுல வைக்கிற வெத்தலையிலேருந்து மேடையில நிக்கிற விளக்கு வரைக்கும் இங்கேருந்துதான் போவுது. நான் பாத்து அனுப்புறேன், நீ வித்துக் குடு" என்றாள் அத்தை. வீட்டு முன்னறைக்கு ஷட்டர் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு விவகாரம் முடிந்து இரண்டு வாரத்தில் சண்டை போடும் எண்ணத்தோடுதான் நாச்சியார்கோவில் போனேன். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம். பத்தர் என்னை உட்காரச் சொல்லவில்லை. பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய், சலித்து வைத்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து அழுத்தினார். வெளிறிய பழுப்பு நிறம், மாவு போல நைஸ். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் சுத்தமாக இரண்டாக உடையணும். அந்தப் பதத்தில்தான் அச்சு எடுக்க முடியும். இரண்டு சட்டங்களில் மண்ணைக் கெட்டித்து, நடுவில் மாதிரியைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் உருக்கிய பித்தளையை ஊற்றுகிறார்கள். 900 டிகிரிக்கு மேல் கொதிக்கிற குழம்பு அது. மண்ணில் ஈரம் ஒரு துளி கூடிப்போனாலும் ஆவி கிளம்பி வார்ப்புக்குள் குமிழ் விட்டுவிடும். வெளியே வழவழப்பாகத் தெரியும். எண்ணெய் ஊற்றினால் அடியில் கசியும்.

"ஐப்பசியில காத்தே ஈரம்மா. மண்ணு எப்படிக் காயும்? ஊரே விளக்குக் கேக்குற மாசமும் வார்க்க முடியாத மாசமும் ஒண்ணு. அவசரப்பட்டு ஊத்திக் குடுத்தா உங்களுக்கு நாப்பதும் வந்திருக்கும். அடுத்த வருஷம் நாப்பதும் திரும்பி வந்திருக்கும்."

சண்டை போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தை பிறந்ததிலிருந்து ஆடிக்குள் வார்ப்பு முடிய வேண்டும், ஆவணி புரட்டாசியில் கடைசலும் (சுழற்றிச் சீவுகிற வேலை) பாலிஷும், ஐப்பசியில் சாமான் என் கடையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை அன்றைக்குக் கற்றேன். அதற்கப்புறம் கார்த்திகை விளக்குக்கு ஆடிப்பெருக்குக்குள் சொல்லிவிடுகிறேன். பணம் முடங்கத்தான் செய்கிறது. நாலு மாதம் முடங்கினாலும் மானம் போவதற்கு அது தேவலை.

போன பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இது நெல் விளைகிற ஊர். இரண்டு பக்கமும் ஆறு, வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. செம்போ துத்தநாகமோ ஈயமோ இந்த மண்ணில் ஒரு கரண்டிகூடக் கிடையாது. அப்புறம் எப்படிச் சுவாமிமலையில் சிலை, நாச்சியார்கோவிலில் விளக்கு, கும்பகோணம் கடைத்தெருவில் பாத்திரம்? உலோகம் வெளியிலிருந்து வந்துவிடும். அதை வார்க்கிற மண்தான் இங்கே இருக்கிறது. வாங்குகிற கோயிலும் இங்கே இருந்தது. கும்பகோணத்தை ஒட்டிய பழையாறையில் சோழர்கள் அரண்மனை கட்டி வாழ்ந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய தாராசுரம் கோயில் இன்றும் ஊர் எல்லையில் நிற்கிறது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோயில் எழும்பினால் உற்சவ மூர்த்தி வேண்டும், விளக்கு வேண்டும், மணி வேண்டும், பட்டு வேண்டும். நாயக்கர் காலத்தில் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபம் எழுப்பினார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாடே வந்து குளிக்கிற ஊரில் சாமான் விற்காமல் போகுமா? பத்தர் தன் முன்னோர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த வண்டலுக்காகவே வந்து தங்கியவர்கள் என்று சொல்வார். பட்டு நெய்கிற சௌராஷ்டிரர்கள் அதைவிடத் தூரத்திலிருந்து வந்தவர்கள். ஊர்க்காரர் என்று அத்தை பெருமையடிக்கிற பாதிப் பேர் வந்தவர்கள்தான். சரி, நாங்கள் மட்டும் மாம்பலத்துக்கு வரவில்லையா? உ.வே.சாமிநாதையரே 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வாத்தியாராகச் சேர்ந்து 1903-இல் சென்னைக்கு மாற்றலாகி வந்தவர்தானே.

இந்த எல்லாத் தொழிலுக்கும் அச்சாணி நெல்தான் என்பது புரிய எனக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆயிற்று. மேட்டூர் அணை 1934-இல் வந்தது. ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு. திறக்காவிட்டால், ஆழ்குழாய் வைத்திருப்பவன் போடுவான், மற்றவன் அடுத்த பருவமான சம்பாவுக்குக் காத்திருப்பான். சம்பா அறுத்துத் தை மாசியில் கையில் காசு வரும்போதுதான் ஊரில் கல்யாணம், பாத்திரம், பட்டு எல்லாம். அணை திறக்காத வருஷம் பாத்திரக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். பத்தர் என்னைத் தானே கூப்பிட்டு, "எதாச்சும் ஆர்டர் இருக்காம்மா" என்பார். ஆகவே ஜூன் மாதம் நான் முதலில் பார்க்கிற செய்தி மேட்டூர் நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 120 அடி. 100 அடிக்கு மேல் இருந்தால் ஊரில் சாமான் விலை இறங்காது என்று எடுத்துக்கொள்வேன். பொருளாதாரம் படித்தவர்கள் சிரிக்கலாம், எனக்கு இது பெரும்பாலும் பலித்திருக்கிறது.

விளக்கு வாங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தரம் கைவசம் சரக்குத் தீர்ந்துபோய் சென்னையிலேயே ஒரு மொத்த வியாபாரியிடம் ஆறு விளக்கு வாங்கினேன். எடை நன்றாக இருந்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் விளக்கு கீழே விழுந்து தண்டு விரிந்தபோது உள்ளேயிருந்து அரக்கும் மண்ணும் கொட்டியது. பித்தளை விலைக்கு மண்ணை விற்றிருக்கிறேன். ஆறையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தண்டைத் தனியாகக் கழற்றி, விரல் நகத்தால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. நல்ல வார்ப்பு கிண்ணென்று கேட்கும், அடைத்தது தொம்மென்று கேட்கும். அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று எல்லாப் பாகத்தையும் கழற்றித் திரும்ப மாட்டணும். மரை பாதியில் சிக்கினால் வேண்டாம். கடைக் கண்ணாடி மேஜையில் நிறுத்தி ஒரு விரலால் மேலே தட்டினால் ஆட்டம் தெரிந்துவிடும். காந்தம் ஒட்டினால் அது பித்தளையே இல்லை, இரும்புக்கு மேல் முலாம். இதெல்லாம் தேறினாலும் கசிவு தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டு நிறைய எண்ணெய் ஊற்றிப் பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வைத்துவிட வேண்டியதுதான். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் கடைக்காரரிடம் போங்கள். என் கடையில் நானே இந்தச் சோதனையை முடித்துத்தான் கொடுக்கிறேன். அதனால் கடையில் எப்போதும் எண்ணெய் வாடை.

'கும்பகோணம் பண்ணிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று சென்னையில் ஒரு பேச்சு உண்டே, அதைக் கடைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது சொல்லிச் சிரிக்காமல் போவதில்லை. ஆரம்பத்தில் முகம் சுளிப்பேன். இப்போது, "ஆமாம் சார், அதனாலதான் நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபின்னு போர்டு வைக்கிறாங்க, யாரு யாரைக் கும்பகோணம் பண்றாங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காபியில் பாதி கும்பகோணத்தைக் கண்ணால் பார்க்காதது.

வெற்றிலைதான் என்னை அதிகம் சோதித்தது. விளக்கு கெட்டுப்போகாது, வெற்றிலைக்கு ஆயுசு நாலு நாள். சுவாமிமலை, ராஜகிரி, பண்டாரவாடை பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தியை நட்டு அதில் கொடியை ஏற்றுகிறார்கள். உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாது. வேருக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் நின்றால் கொடி அழுகும். அதனால் பாத்திக்குப் பாத்தி வாய்க்கால். மண்வெட்டியோடு ஒரு ஆள் நாள் பூரா இதே வேலையாக நிற்பார். நூறு இலை ஒரு கவுளி. கொழுந்து இலை இளம்பச்சையாக, வாயில் போட்டால் காரம் அதிகம் ஏறாமல் கரையும். சக்கை இலை அடர்பச்சை, மென்றால் நார் நிற்கும். கல்யாணத் தட்டுக்குப் பார்வைக்குப் பெரிய சக்கை இலையைக் கேட்கிறவர்கள் உண்டு. வெற்றிலை போடுகிறவர்கள் கொழுந்தைத்தான் கேட்பார்கள்.

முதல் வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு முப்பது கவுளி வரவழைத்தேன். வாடிவிடுமே என்று பயந்து வந்ததும் வராததுமாகத் தண்ணீர் தெளித்து ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். மறுநாள் காலையில் பாதி இலை கறுத்திருந்தது. அத்தையிடம் அழுதேன். கொடிக்கால்கார அண்ணனிடம் போனைக் கொடுத்தாள். "ஏம்மா, அது இலையா, ஐஸ்கிரீமா?" என்று ஆரம்பித்தார் அவர். குளிர் பட்டால் கருகும், தண்ணீர் நின்றால் அழுகும். வாழைச்சருகுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு கவுளியையும் உதறி, கெட்ட இலை ஒன்றுகூட உள்ளே இல்லாமல் பொறுக்கிவிட்டு, நனைத்து முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, நிழலில் வைக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். ஒரு இலை அழுகினால் விடிவதற்குள் கவுளியே போய்விடும். இந்தப் பிரித்து அடுக்குகிற வேலைக்கு என் மாமியார்தான் வாத்தியார் ஆகிவிட்டார். டிவி பார்த்துக்கொண்டே கை தானாகப் பொறுக்கும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழிப் பனியில் கொழுந்து விடுவது குறையும், தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் கவுளி விலை குதிக்கும். அதனால் தை, மாசிக் கல்யாணங்களுக்கு இன்ன விலை என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைய விலைக்கு இத்தனை சேர்த்து என்று பேசிக்கொள்ளுங்கள். நான் வாக்குக் கொடுத்து இரண்டு வருஷம் கைக்காசு போட்டேன். 2025-இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் ஒருவர் வந்து, "குறியீடு எங்கே ஒட்டியிருக்கு?" என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார்.

பார்சல் கதை தனி. முன்பு விடிகாலை கோயம்பேட்டில் பஸ்ஸிலிருந்து கட்டை இறக்கினால் ஆட்டோவில் இருபது நிமிஷத்தில் கடை. 2023 டிசம்பரில் பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போனதிலிருந்து கட்டு பஸ்ஸில் வருகிற கூலியைவிட அங்கேயிருந்து மாம்பலத்துக்கு வருகிற கூலி கையைக் கடிக்கிறது. இப்போது அத்தை மகன் வாரம் ஒரு முறை உழவன் எக்ஸ்பிரஸில் வருகிற தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுகிறான். நான் தாம்பரத்தில் போய் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் திரும்புகிறேன். வெற்றிலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டால் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் கட்டாயம் இரண்டு கவுளி விற்றுவிடும்.

ஈயச் சொம்பு விற்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்குகிறவருக்கு ஒரு நிமிஷம் பாடம் எடுக்காமல் விற்காதீர்கள். இது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். ரசத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும் வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் வெறும் சொம்பை அடுப்பில் வைத்து நெய் காய்ச்சித் தாளிக்கப் போனாள். பத்து நிமிஷத்தில் கடைக்கு வந்தாள், கையில் ஒரு தட்டையான வெள்ளிக்கட்டி. அடுப்புத் தட்டில் ஒட்டியதைச் சுரண்டிக் கொண்டுவந்திருக்கிறாள். நான் சொல்லாததுதான் தப்பு என்று புதுச் சொம்பு கொடுத்தேன். உருகினதை வீணாக்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டேன், அது திரும்பச் சொம்பாகிவிடும். காரீயம் கலந்ததை மட்டும் தப்பித் தவறியும் வாங்காதீர்கள், அது விஷம். வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு இழுக்கும். ஒரே அளவு சொம்பில் ஒன்று மட்டும் கை அசந்துபோகும் கனமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பித்தளைப் பாத்திரத்தில் புளி, தயிர் சமைக்க உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் திரும்பப் பூச வேண்டும். 'ஈயம் பூசுறது' என்று கூவிக்கொண்டு நவச்சாரமும் துருத்தியுமாக மாம்பலத்தில் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் ஒருவரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச்சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு விற்பனை எப்போதும் கூட.

அரிசியும் விற்றுப் பார்த்தோம். அரிசியில் வண்டு வந்ததோடு விட்டுவிட்டோம். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: ஐப்பசி மழையில் அறுத்து ரோட்டில் காயப்போட்ட நெல்லின் அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லைத் திருப்புவார்கள். அதனால்தான் மழை வருஷம் விவசாயிகள் தளர்வு கேட்டுப் போராடுகிறார்கள். அந்த ஈரம் கடைசியில் என் டப்பாவில் வண்டாக வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். சீவல் பொட்டலம், திரி, அட்டைப்பெட்டி எல்லாம் போயிற்று. பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்த்ததும் பழையபடி ஆகிவிட்டது. இரண்டு மாதத்தில், 2016 பிப்ரவரி 22 அன்று கும்பகோணத்தில் மகாமகம். சரக்கை நிரப்பலாம் என்று ஓடினால், பத்தர்கள் வார்த்ததெல்லாம் ஊரிலேயே விலை போய்க்கொண்டிருந்தது. வெறுங்கையோடு வந்தேன். அத்தை ஒரு குடத்தில் குளத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். அதற்கு என் கணவர், "தினம் குழாயில வர்றதே அதுதானே" என்றார். விளையாட்டுப் பேச்சு என்றாலும் பொய்யில்லை. கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிற காவிரித் தண்ணீரைத்தான் 2004-லிருந்து குழாய் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவருகிறார்கள், ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் என்று போட்ட திட்டம். நாங்கள் குடித்தது போக மிச்சத்தில்தான் அவர்கள் நெல் போட வேண்டும் என்று அத்தை திட்டுவாள். பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த மகாமகம் 2028. இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும் என்று இப்போதிருந்தே சொல்லி வருகிறேன். பத்தரின் மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கடைசல் மெஷினில் வேலை பார்க்கிறான். ஈயம் பூசுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வந்து, ஜனங்கள் கொண்டுவருகிற பழைய விளக்குகளுக்கு மரை சரிசெய்து கொடுப்பான். போன மாதம் வந்தபோது தேய்ந்த மரையில் நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டே கேட்டான்:

"அக்கா, இந்த ஆடிக்கு எத்தனை வேணும்?"

"அறுபது."

"அப்பாட்ட அம்பதுன்னு சொல்றேன். அவருக்கு முட்டி வலி."

"அப்ப மகாமகத்துக்கு?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அதுக்கு நான் லீவு போட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.